நெருக்குவது வேறு, நசுக்குவது வேறு

முதலில் எங்கட பிழையைச் சொல்லிப்போட்டுத் தொடங்குகிறோம்.

சில மாதங்களுக்கு முன்னர் மணல் அகழ்வு பற்றி ஒரு கலந்துரையாடல் ஒழுங்கு செய்திருந்தோம். ஊர் வாசிகசாலை மண்டபம், ஐம்பது கதிரை, இரவல் புரொஜெக்டர். சுவரொட்டியை நாங்களே கணினியில் செய்தோம். மேலே ஆங்கிலத் தலைப்பு. ஒடுங்கி உயர்ந்த, ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் காலிலும் பலகை அடித்த மாதிரியான தடித்த எழுத்து. பார்க்க நல்ல எடுப்பாக இருந்தது. கீழே தமிழில் 'மணல் யாருக்கு?' என்று போட்டோம். அது நீண்டு சட்டகத்துக்கு வெளியே போனது. மூலையைப் பிடித்து உள்ளுக்குத் தள்ளினோம். ஆங்கில வரியின் அகலத்துக்குச் சரியாக வந்து நின்றது. 'ஓகே, அடியுங்கோ' என்று அச்சகத்துக்கு அனுப்பிவிட்டோம்.

ஒட்டின அன்றைக்கே முகநூலில் ஒருவர் படத்தோடு எழுதினார்: 'மனல் எண்டு அடிச்சிருக்கினம். எந்த இடத்தில எந்த ன வரும் எண்டு தெரியாததுகள் மண்ணைக் காப்பாத்தப் போகுதுகளாம்.'

கொதித்துப்போய்ப் பதில் எழுத வெளிக்கிட்டோம். கோப்பைத் திறந்து பார்த்தால் மூன்று சுழி ண சரியாகத்தான் இருந்தது. பிறகு சந்திக்குப் போய்ச் சுவரைப் பார்த்தோம். அங்கே இருந்தது ண வும் இல்லை, ன வும் இல்லை. சுழிகள் ஒன்றுக்குள் ஒன்று ஏறி, மலிவுத் தாளில் மை பரவி, பல்லுடைந்த சீப்பு மாதிரி ஒரு கறுப்பு. அந்த மனிதருக்கு நாங்கள் பதில் போடவில்லை. அவர் வாசித்ததில் பிழை இல்லை. நாங்கள் எழுதியதில்தான் பிழை.

இந்தக் கட்டுரை அந்தச் சுவரொட்டியில் இருந்து தொடங்குகிறது. அதில் ஆங்கிலம் ஏன் அவ்வளவு நெருங்கியும் தெளிவாக நின்றது? அதே அகலத்துக்குள் தமிழ் ஏன் செத்துக் கிடந்தது? 'தமிழ் எழுத்து அப்படித்தான், அது நீளம்' என்று தோளைக் குலுக்குகிற எல்லாரோடும் நாங்கள் சண்டை பிடிக்கப் போகிறோம். எங்களோடும்தான்.

பலகைக் கால் எழுத்தின் கதை

ஆங்கில எழுத்துகளின் கோடுகள் முடிகிற இடத்தில் சின்னதாய் ஒரு கால் நீட்டிக்கொண்டிருக்கும். அதைத்தான் செரிஃப் என்கிறார்கள். புத்தக எழுத்துகளில் அது மெல்லியதாக, வளைந்து, கோட்டோடு கரைந்துபோகும். ஸ்லாப் செரிஃப் என்பது அந்தக் காலைக் கோட்டுக்கு நிகரான தடிப்பில் சதுரமாக வெட்டி வைப்பது. வாங்குப் பலகை மாதிரி. அந்த எழுத்தை அகலத்தில் குறைத்து உயரத்தில் நிறுத்தினால் எங்கட சுவரொட்டியில் இருந்த வகை வரும்: ஒடுங்கிய ஸ்லாப் செரிஃப்.

இது புத்தகத்துக்குப் பிறந்த எழுத்து இல்லை. சுவருக்குப் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் சுவர்களில் நாடகம், லொத்தர், கப்பல் பயணம், மருந்து என்று எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டப்பட்டன. புத்தக எழுத்தைப் பெரிதாக்கி அங்கே வைத்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அச்செழுத்து வார்ப்பவர்கள் உரத்துக் கத்தக்கூடிய எழுத்தைத் தேடினார்கள். வின்சென்ட் ஃபிகின்ஸ் என்பவர் 1815 ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தில் இந்த வகை முதன்முதலில் வந்தது. தலைப்பெழுத்துகள் மட்டும். அவர் அதற்கு வைத்த பெயர் 'அன்டீக்'. பிறகு 'எகிப்தியன்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. எகிப்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. நெப்போலியன் 1798 இல் எகிப்துக்குப் படையெடுத்த பிறகு ஐரோப்பாவில் எகிப்து ஒரு மோஸ்தர். கதிரைக்கும் எகிப்து, கட்டடத்துக்கும் எகிப்து, எழுத்துக்கும் எகிப்து. படையெடுக்கப்பட்ட நாட்டின் பெயர் விற்பனைக்கு உதவியது. அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இது மரத்துக்குப் போனது. பெரிய அளவில் ஈயத்தில் வார்த்தால் பாரமும் கூட, செலவும் கூட. நியூயோர்க்கில் டேரியஸ் வெல்ஸ் 1827 இல் மரத்தில் எழுத்துக் குடைகிற இயந்திரமுறையைக் கொண்டுவந்து, அடுத்த வருடமே மர எழுத்துகளின் விலைப்பட்டியல் போட்டார். அதற்குப் பிறகு எழுத்தின் அகலத்துக்கு எல்லையே இல்லாமல் போனது. ஒடுங்கியது, அதைவிட ஒடுங்கியது, அதையும்விட ஒடுங்கியது என்று பெயரோடு எக்ஸ் மேல் எக்ஸ் அடுக்கி விற்றார்கள். ஏன் அவ்வளவு? தாளின் அகலம் மாறாது, சொல்லின் நீளம் மாறும். ஒரு சின்னச் சொல்லும் ஒரு பெரிய சொல்லும் தாளின் இரண்டு கரையையும் தொட வேண்டும் என்றால், சின்னச் சொல்லுக்கு அகன்ற எழுத்து, பெரிய சொல்லுக்கு ஒடுங்கிய எழுத்து. பழைய நாடக நோட்டீசுகளில் வரிக்கு வரி எழுத்து மாறுவதை ரசனை என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது இடக் கணக்கு.

இந்த எழுத்து யாருக்கு வேலை செய்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. மனிதரை ஏலம் விடுகிற அறிவித்தல்களும், தப்பியோடிய அடிமையைப் பிடித்துத் தந்தால் இவ்வளவு டொலர் என்கிற அறிவித்தல்களும் இப்படியான தடித்த விளம்பர எழுத்துகளில்தான் அமெரிக்கச் சுவர்களில் நின்றன. தப்பியோடியவர்களைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்கிற சட்டம் 1850 இல் வந்தது. அடுத்த வருடம், 1851 ஏப்ரலில், பொஸ்டன் நகரச் சுவர்களில் வேறொரு அறிவித்தல் வந்தது. நகரத்துக் கறுப்பின மக்களே, காவலர்களோடு கதையாதேயுங்கள், அவர்கள் உங்களைப் பிடித்துக் கொடுக்கிற ஆட்களாகிவிட்டார்கள் என்று எச்சரித்தது அது. அடிமை முறைக்கு எதிராக நின்ற தியோடர் பார்க்கர் எழுதியது. அதுவும் அதே மாதிரித் தடித்த விளம்பர எழுத்துகளில்தான். பிடிக்க வந்தவனும் இதே எழுத்தில் கத்தினான், காப்பாற்ற வந்தவனும் இதே எழுத்தில் கத்தினான்.

ஆக, எழுத்துக்குச் சொந்தமாக ஒரு அரசியல் இருக்கிறது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. நடந்து போகிறவரை நிறுத்தி, தூரத்தில் இருந்தே வாசிக்க வைப்பது. அந்த வேலையைச் செய்யாத இடத்தில் அது வெறும் வேஷம்.

ஏன் அது நிற்கிறது?

இனி எழுத்தின் உடம்பைப் பார்ப்போம். எங்கட சண்டையின் மையம் இங்கேதான் இருக்கிறது.

ஒரு எழுத்தை ஒடுக்கினால் முதலில் சாவது வளைவு. வட்டமான ஓ எழுத்து வட்டமாக இருக்க முடியாது. இரண்டு பக்கமும் நேர்ச்சுவராகி, மேலும் கீழும் மட்டும் வளையும். எல்லா எழுத்தும் நிமிர்ந்த கம்பிகளாகிவிடும். வேலிக் கதியால் மாதிரி வரிசையாக நிற்கும். கண் எதைப் பிடித்து நகர்வது? அங்கேதான் பலகைக் கால் உதவுகிறது. ஒவ்வொரு கம்பிக்கும் மேலும் கீழும் கிடையாக ஒரு துண்டு. வரி முழுக்க அவை சேர்ந்து, தண்டவாளம் மாதிரி இரண்டு கோடுகளாகின்றன. கண் அதில் ஓடுகிறது. நெருக்கத்தால் வந்த நோய்க்கு எழுத்தின் காலிலேயே மருந்து.

தட்டச்சு இயந்திரத்து எழுத்துகளிலும் இதே தந்திரம் வேறு தேவைக்கு வந்தது. அங்கே எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ஒல்லியான ஐ எழுத்துக்கும் கொழுத்த எம் எழுத்துக்கும் ஒரே இடம். ஐ எழுத்தின் இரண்டு பக்கமும் விழுகிற வெறுமையை நிரப்பப் பலகைக் காலை நீட்டினார்கள். ஒரு இடத்தில் நெருக்கத்தைத் தாங்க, இன்னொரு இடத்தில் இடைவெளியை மூட. இரண்டிலும் அது அலங்காரமாக வரவில்லை.

இன்னொன்று: நல்ல ஒடுங்கிய எழுத்து ஒன்றும் அகன்ற எழுத்தை நசுக்கிப் பெறப்பட்டதில்லை. அதை வரைகிறவர் ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனியாக முடிவெடுக்கிறார். நிமிர்ந்த கோட்டின் தடிப்பை எவ்வளவு காப்பாற்றுவது, கிடைக் கோட்டை எவ்வளவு மெலிப்பது, உள்ளே இருக்கிற வெள்ளை மூடாமல் எங்கே வெட்டுவது, எம் எழுத்தின் நடுவை எவ்வளவு உயர்த்துவது. 1845 இல் லண்டனில் ரொபர்ட் பெஸ்லியின் வார்ப்பகம் வெளியிட்ட கிளாரெண்டன் இதற்கு நல்ல உதாரணம். பெஞ்சமின் ஃபொக்ஸ் அச்சு வெட்டிய அந்த முதல் கிளாரெண்டன் ஓரளவு ஒடுங்கியது. அகராதி மாதிரியான புத்தகங்களில் சாதாரண எழுத்துக்குப் பக்கத்தில் நின்று தலைச்சொல்லைத் தூக்கிக் காட்டுவது அதன் வேலை. அதற்காகப் பலகைக் காலின் கக்கத்தைக் கொஞ்சம் வளைத்து மென்மையாக்கினார்கள். அந்த வடிவத்தைச் சட்டப்படி பதிவும் செய்தார்கள். பாதுகாப்பு மூன்று வருடம்தான். அது முடிந்ததும் மற்றவர்கள் பாய்ந்து கொப்பியடித்தார்கள். கொப்பியடிக்கிற அளவுக்கு அதில் உழைப்பு இருந்தது.

பழைய காலத்து வேஷம்

இன்றைக்கு இந்த எழுத்தை எங்கே பார்க்கிறோம்? கஃபே மெனுவில். முடிதிருத்துகிற கடையின் கண்ணாடியில். கையால் செய்த சவர்க்காரத்தின் உறையில். 'பழைய காலம்' என்பதற்கான குறியாக.

பழைய காலம் யாருடைய பழைய காலம் என்று ஒருவரும் கேட்பதில்லை. மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸோடு எங்கட கணினிகளுக்குள் வந்து இறங்கிய எழுத்துகளில் பிளேபில் ஒன்று. ரொபர்ட் ஹார்லிங் 1938 இல் ஸ்டீபன்சன் பிளேக் வார்ப்பகத்துக்காக வரைந்தது. பெயரிலேயே நாடக நோட்டீஸ் இருக்கிறது. அதாவது அதுவே நூறு வருடத்துக்கு முந்திய சுவரை நினைத்துச் செய்த நினைவு. அதை நாங்கள் எடுத்து, கெளபோய் படம் பார்த்த நினைவோடு கலந்து, யாழ்ப்பாணத்துக் கொத்துரொட்டிக் கடைக்குப் போடுகிறோம். போடட்டும், அதில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் மெனுவின் உள்ளே, சுண்டுவிரல் நக அளவில், நாற்பது சாப்பாட்டின் பெயரையும் விலையையும் அதே எழுத்தில் போடுகிறபோது வாசிக்க ஏலாது. பலகைக் கால்கள் ஒன்றோடொன்று முட்டும், உள்வெள்ளை மூடும். தூரத்தில் நிற்கிறவரைக் கூப்பிடப் பிறந்த எழுத்தைக் காதுக்குள் குசுகுசுக்கச் சொல்கிறோம்.

இந்த எழுத்து தலைப்புக்கு. ஐந்து ஆறு சொல்லுக்கு. ஒடுங்கிய இடத்தில் பெரிய சொல்லுக்கு. அதைத் தாண்டினால் வேறு எழுத்தைத் தேடுங்கோ.

தமிழுக்கு நாங்கள் செய்வது

இப்ப எங்கட சுவரொட்டிக்குத் திரும்புவோம். ஆங்கில வரியில் இருந்தது ஒடுங்கலாக வரையப்பட்ட எழுத்து. தமிழ் வரியில் இருந்தது சாதாரணமாக வரையப்பட்டு எங்களால் நசுக்கப்பட்ட எழுத்து. இரண்டும் ஒரே அகலத்தில் நின்றதால் ஒரே வேலை நடந்ததாக நினைத்தோம்.

கணக்குப் பாருங்கோ. பத்து மில்லிமீற்றர் தடிப்பில் நிமிர்ந்த கோடும் கிடைக்கோடும் உள்ள ஒரு எழுத்தை அகலத்தில் ஐம்பத்தைந்து வீதத்துக்கு நசுக்கினால், நிமிர்ந்த கோடு ஐந்தரை மில்லிமீற்றர் ஆகும். கிடைக்கோடு பத்தாகவே இருக்கும். ப, ட, ம, ய எல்லாம் அடித்தளம் வீங்கி, தூண் மெலிந்து நிற்கும். புள்ளி வட்டமாக இராது, நிமிர்ந்த கீறலாகும். தூரத்தில் க் என்பதும் க என்பதும் ஒன்றாகும். ெ, ே இரண்டையும் பிரிக்கிற சுழி அடைபடும். ண, ன, ணை, ஞ எல்லாம் சுழி எண்ணி வாசிக்கிற எழுத்துகள். சுழியை எண்ண முடியாவிட்டால் எழுத்தே இல்லை.

'பிளேபில் எழுத்திலும் கிடைக்கோடு தடிப்பு, தூண் மெலிவுதானே?' என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. பிளேபில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அங்கே அது முடிவு. தலையிலும் காலிலும் தடிப்பைக் குவித்து, தூணுக்கும் தூணுக்கும் இடையில் வெள்ளை எவ்வளவு என்று அளந்து, எழுத்து எழுத்தாக வரைந்தது. எங்கட சுவரொட்டியில் அது விபத்து. ஒருவர் தலையில் பாரம் வைத்து நடப்பதும், பாரம் ஒருவர் தலையில் விழுவதும் ஒன்றில்லை.

இன்னொரு பிழையும் நடக்கிறது. ஆங்கிலத்தோடு 'மட்ச்' பண்ண வேண்டும் என்று தமிழ் எழுத்துக்கும் பலகைக் கால் ஒட்டுகிறார்கள். நாங்களும் ஒருக்கால் முயன்று பார்த்தோம். ப வின் தலையில் இரண்டு பலகை, ட வின் நுனியில் ஒரு பலகை. முதலில் புதுமையாய்த்தான் இருந்தது. பிறகு அரவுக்கு, அதாவது ா வுக்கு, காலடியில் பலகை வைத்தோம். அரவுக்கும் ர வுக்கும் வித்தியாசமே காலடியில்தான் இருக்கிறது. 'காகம்' என்று அடித்தால் 'கரகம்' என்று வாசிக்க வந்தது. லத்தீன் எழுத்தில் கால் ஒரு உபரி உறுப்பு. வைத்தாலும் எடுத்தாலும் எழுத்து மாறாது. தமிழில் கோட்டின் நுனிதான் பல இடங்களில் எழுத்தைத் தீர்மானிக்கிறது. அங்கே கட்டை கட்டினால் பொருள் மாறும். ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் தமிழ் நிற்க வேண்டுமென்றால் ஒரே சப்பாத்துப் போட வேண்டியதில்லை. ஒரே அளவு கறுப்பு, ஒரே அளவு உரப்பு இருந்தால் போதும்.

சாட்டுகள்

இதைச் சொன்னவுடன் வருகிற சாட்டுகள் மூன்று.

ஒன்று: 'தமிழ் நீளம், என்ன செய்ய?' உண்மைதான், பல சொற்கள் நீளம். ஜஃப்னா என்று ஆங்கிலத்தில் ஆறு எழுத்து, சிங்களத்தில் யாப்பனய என்று இன்னும் சுருக்கம். நாங்கள் யாழ்ப்பாணம் என்று எட்டு வடிவம் அடுக்குகிறோம். பஸ்ஸின் நெற்றிப் பலகையில் மூன்றுக்கும் சம இடம் ஒதுக்கினால் நசுங்குவது தமிழ். ஆனால் சம இடம் என்பதே அங்கே பிழையான நீதி. நீளமான சொல்லுக்கு நீளமான இடம் கொடுங்கோ. அல்லது அதற்கென்று ஒடுங்கலாக வரைந்த எழுத்தைக் கொடுங்கோ. பத்தொன்பதாம் நூற்றாண்டு நோட்டீஸ்காரனுக்கு விளங்கின கணக்கு எங்களுக்கு ஏன் விளங்காது?

இரண்டு: 'தமிழில் ஒடுங்கிய எழுத்துரு இல்லை.' இது பொய். எக் டைப் குழு 2022 இல் வெளியிட்ட அனெக் தமிழ், ஒடுங்கியதில் இருந்து அகன்றது வரை அகலத்தை மாற்றக்கூடியதாக வரையப்பட்டது. ஒடுங்கிய கரையில் அகலம் எழுபத்தைந்து. மெல்லிசில் இருந்து தடித்தது வரை எடையும் மாற்றலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் அதைவிட ஒடுங்கும். நோட்டோ செரிஃப் தமிழுக்கும் ஒடுங்கிய வடிவங்கள் இருக்கின்றன. நோட்டோவில் சிங்களத்துக்கும் அப்படியே. மும்மொழிப் பலகைக்கு மூன்றும் ஒரே குடும்பத்தில் கிடைக்கும். எல்லாம் இலவசம், திறந்த உரிமம். பலகைக் கால் இவற்றில் இல்லை, தேவையும் இல்லை. தரவிறக்க ஐந்து நிமிடம். மூலையைப் பிடித்து இழுக்க ஒரு செக்கன். அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் நாங்கள் பஞ்சிப்படுகிறோம்.

மூன்று: 'தமிழ் எழுத்தை மாற்றி வரையக் கூடாது, வடிவம் கெட்டுப்போகும்.' இதைச் சொல்கிறவர்கள் தமிழ் அச்சின் வரலாற்றைப் பார்க்கட்டும். அதில் ஒரு பகுதி எங்கட ஊரிலேயே தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் மிஷனரி ஜோசப் நைட் தொடங்கிவைத்த அகராதி வேலை, கைமாறி, கடைசியில் வின்ஸ்லோவின் தமிழ் ஆங்கில அகராதியாக 1862 இல் சென்னையில் வந்தது. அமெரிக்க மிஷன் அச்சகத்தில் ஹன்ட் அதை அச்சிட்டார். பழைய பெரிய தமிழ் அச்செழுத்தில் அப்படி ஒரு அகராதியை ஒரு தொகுதிக்குள் அடக்க முடியாது. தமிழைச் சிறிதாக, ஆனால் சுழி தெரிய, புதிதாக வெட்டினார்கள். லண்டனில் அகராதிக்காகக் கிளாரெண்டன் வந்து இருபது வருடம் ஆகுமுன்பே தமிழுக்கும் அகராதிக்காக எழுத்து மறுபடி வெட்டப்பட்டது. தேவை வந்தபோது எழுத்தைப் புதிதாகச் செய்தவர்கள் தமிழைக் கெடுக்கவில்லை. மெனக்கெட்டார்கள். அவ்வளவுதான்.

மறுபடி வரைவது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: ண போன்ற எழுத்தில் சுழிகளை நெருக்கும்போது அந்த எழுத்தின் கோடுகளை மட்டும் கொஞ்சம் மெலிப்பது. எல்லா எழுத்தையும் ஒரே வீதத்தில் குறைக்காமல், ணை போன்ற அகன்றவற்றைக் கூடவும் ர, ட போன்ற ஒடுங்கியவற்றைக் குறைவாகவும் குறைப்பது. ம வின் வளைவை நிமிர்த்தி உள்வெள்ளையைத் திறந்து வைப்பது. புள்ளியை வட்டமாகவே, கொஞ்சம் பெரிதாகவே விடுவது. இது மந்திரம் இல்லை. ஒருவர் இருந்து யோசிக்க வேண்டிய வேலை.

யார் நசுக்குகிறார்கள்?

அரச பலகைகளில் தமிழ் நசுக்கப்படுவதைப் பற்றி நாங்கள் எல்லாரும் கோபமாகப் பதிவு போட்டிருக்கிறோம். அந்தக் கோபம் நியாயமானது. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த நாடு இது. 1987 இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று சொன்னது. சட்டம் தமிழை எழுதச் சொல்கிறது. பலகையில் எழுத்து இருந்தும் வாசிக்க முடியாவிட்டால் அந்த உரிமை பலகையோடு நின்றுவிடுகிறது. மருந்து கொடுக்கிற யன்னலுக்கு மேலே, விண்ணப்பம் வாங்குகிற மேசைக்கு மேலே, வயதான ஒருவர் கண்ணைச் சுருக்கி நின்று, பிறகு பக்கத்தில் நிற்கிறவரிடம் 'தம்பி, இதில என்ன போட்டிருக்கு?' என்று கேட்கிறபோது அது வடிவமைப்புப் பிரச்சினை இல்லை.

ஆனால் எங்கட தெருவைப் பாருங்கோ. ரியூட்டரி விளம்பரத்தை எந்த அமைச்சு செய்தது? கோயில் திருவிழா பனரை? விளையாட்டுக் கழகத்தின் அழைப்பிதழை? செத்த வீட்டு மதிலில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலியை? எங்களில் ஒருத்தியின் அம்மம்மா மோசம்போனபோது அடித்த அஞ்சலியில் அவவின் பெயரை ஒரு வரிக்குள் அடக்க நசுக்கியிருந்தார்கள். கீழே அனுதாபம் தெரிவிக்கிற கடையின் ஆங்கிலப் பெயர் அகலமாய், நிமிர்ந்து, பலகைக் காலோடு. எண்பது வருடம் சுமந்த பெயரை அவவின் மதிலிலேயே வாசிக்க ஏலாமல் இருந்தது. அதைச் செய்தவர் கொழும்பில் இருந்து வரவில்லை. அவர் எங்களில் ஒருவர், அதுவும் இரவிரவாகக் கண்முழித்து, அன்போடுதான் செய்திருப்பார்.

மற்றவன் நசுக்கினால் உரிமை மீறல், நாங்கள் நசுக்கினால் டிசைன். இந்த இரட்டை வேஷத்தை முதலில் கழட்டுவோம்.

எங்களிடம் பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. நாலு விஷயம்தான். தமிழ் எழுத்தின் மூலையைப் பிடித்து அகலத்தைக் குறைக்காதேயுங்கோ. இடம் போதாவிட்டால் ஒடுங்கலாக வரைந்த எழுத்துருவை எடுங்கோ, அதுவும் போதாவிட்டால் இரண்டு வரியாக உடையுங்கோ. முதலில் தமிழை வைத்து, பிறகு ஆங்கிலத்தை அதற்கு அளவெடுங்கோ. ஆங்கிலத்திடம் நெருங்கி நிற்கத் தெரிந்த எழுத்துகள் நிறைய இருக்கின்றன, அது விட்டுக்கொடுக்கும். அச்சுக்கு அனுப்ப முன்னர் தாளில் எடுத்து, அறையின் மற்றக் கரையில் ஒட்டி, வீட்டில் வயதான ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கோ. எழுத்துரு வரையத் தெரிந்த பெடியள் பெட்டையள் இதை வாசிக்கிறீர்கள் என்றால், சுவருக்கென்று ஒரு தமிழ் எழுத்தை வரையுங்கோ. புத்தகத் தமிழும் கைபேசித் தமிழும் நிறைய வந்துவிட்டன. சந்தியில் நின்று உரத்துக் கூப்பிடுகிற, ஒடுங்கின இடத்திலும் சுழி தெரிகிற தமிழ் இன்னும் வேண்டும். கொழும்பின் மூனியாக் குழு சிங்களத்துக்கும் லத்தீனுக்கும் 'ஸ்டிக் நோ பில்ஸ்' என்று சுவரின் பெயரையே வைத்து ஒரு எழுத்துரு தந்தது. அந்த மாதிரி ஒன்று எங்களுக்கும் வரட்டும்.

மணல் பற்றிய கூட்டம் கடைசியில் நடந்தது. முப்பது பேருக்குக் கிட்ட வந்தார்கள். இரண்டாவது கூட்டத்துக்குச் சுவரொட்டியை மாற்றிச் செய்தோம். 'மணல்' ஒரு முழு வரி, 'யாருக்கு?' அடுத்த வரி. ஆங்கிலம் அதே பலகைக் கால் எழுத்தில், கீழே, தன் இடத்தில் ஒடுங்கி நின்றது. அது ஒன்றும் குறைந்துபோகவில்லை. முகநூலில் திட்டின அந்த மனிதர் கூட்டத்துக்கு வந்தாரோ தெரியாது. முதல் சுவரொட்டியில் மிச்சம் வந்த ஒன்றைக் கணினிக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறோம்.